சிறுகுழல் துப்பாக்கியும் நாற்றிசைக் காற்றும்

ஒரு மா நிலத்தைச் சதுரமாக அளந்து வரப்பிட்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 37 மீட்டர் வரும். காவிரிப் படுகையின் நீடாமங்கலத்து உழவர் எவருக்கும் அந்நீளம் கண்ணளவிலேயே தெரியும். அதற்கும் 13 மீட்டர் அப்பால், மொத்தம் 50 மீட்டர் தொலைவில், 10.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமொன்றை நிறுத்தினால் அதுவே சிறுகுழல் ரைபிள் போட்டியின் ‘பத்து’. அதை நோக்கிச் செல்லும் ஈயக் குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு வட்டக்கோட்டைத் தொட்டாலே அவ்வட்டத்துக்குரிய மதிப்பெண் உண்டு. ஆகவே குண்டின் நடுப்புள்ளி இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து கிடைக்கும். இறுதிச் சுற்றில் இந்தப் பத்தும் பத்தாகப் பகுக்கப்படுகிறது. நடுவிலிருந்து 0.8 மில்லிமீட்டருக்குள் விழுந்தது 10.9, அதன்பின் ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டர் விலகலுக்கும் பத்திலொரு மதிப்பெண் குறையும்.

இவ்வளவைத் துப்பாக்கிக் குழலின் வாயில் வைத்துக் கணக்கிட்டால் நுண்மை விளங்கும். குழலின் நீளம் 66 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அதன் வாய் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு பக்கவாட்டில் விலகினால் போதும், பத்து ஒன்பதாகிவிடும். மூச்சு, நாடித்துடிப்பு, தசையின் நடுக்கம், விரலின் பதற்றம் ஆகிய அனைத்தும் அந்தப் பத்திலொரு மில்லிமீட்டருக்குள் அடங்கியாக வேண்டும்.

இந்த அடக்கத்தை உடலே செய்ய வேண்டும்; கருவி செய்துவிடலாகாது. 1907இல் சூரிக் நகரில் தோன்றி இன்று மியூனிக்கிலிருந்து இயங்கும் பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிநூல் முழுவதும் இவ்வொரு கருத்தைத்தான் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் காவல் காக்கிறது. துணியின் தடிமன், காலணியின் அடி, வாரின் அகலம், முழங்கையின் கோணம் எதையும் அது விட்டுவைக்கவில்லை. ஒன்றை மட்டும் கட்டவில்லை, கட்டவும் இயலாது. அது காற்று. காவிரிப் படுகையின் திறந்த வெளியில் நின்று இவ்விளையாட்டை எண்ணிப் பார்ப்பவருக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. அதற்கு முன் கருவியைப் பார்ப்போம்.

இப்போட்டியின் தோட்டா, தேசிய மாணவர் படையில் பயின்ற எவரும் அறிந்த ‘பாயின்ட் டூ டூ’தான். தஞ்சை, மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் பல தலைமுறைகளாக மண்ணில் குப்புறப் படுத்து, 25 மீட்டருக்கு அப்பாலுள்ள தாளில் ஐந்து குண்டுகளை ஒரே இடத்தில் குவிக்க முயன்றது இவ்வகைத் தோட்டாவைக் கொண்டே. இதன் இன்றைய வடிவம் 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தில் உருவானது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளீடற்ற மடிப்பாக இருக்கும். தீப்பற்றும் கலவை அம்மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கும். அடிக்கும் ஊசி விளிம்பை நசுக்கும்போது கலவை பற்றி வெடிமருந்தை எரிக்கிறது. குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம், பழைய நிறுத்தலளவையில் அரைக் கழஞ்சு.

போட்டிக்குரிய குண்டு நொடிக்கு ஏறத்தாழ 327 மீட்டர் விரைவில் குழலை விட்டு வெளிவரும். 20 பாகை வெப்பத்தில் காற்றில் ஒலியின் விரைவு 343 மீட்டர். கோடையின் 35 பாகையில் அது 352ஐ எட்டும். குண்டை ஒலியினும் மெல்லச் செலுத்துவது வேண்டுமென்றே செய்யப்படுவது. ஒலியின் விரைவைக் கடந்து புறப்பட்டு, வழியில் விரைவிழந்து, மீண்டும் அவ்வெல்லையைத் தாண்டி இறங்கும் குண்டு அதிர்வலைகளால் அலைக்கழிக்கப்படும். எல்லைக்குக் கீழேயே புறப்பட்ட குண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

குழலின் உட்சுவரில் திருகுமரைபோல் வெட்டிய வரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்பது வழக்கமான அளவு. குண்டின் விரைவை அதனால் வகுத்தால் நொடிக்கு 800க்கும் மேற்பட்ட சுற்றுகள் வருகின்றன. தன்னச்சில் சுழலும் பொருள் தன் முகத்தை எளிதில் திருப்பிக்கொள்ளாது. குண்டு தலைகுப்புற உருளாமல் மூக்கு முன்னாகவே செல்வது இதனால்தான்.

50 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஏறத்தாழ 0.16 நொடி ஆகிறது. அந்தச் சிறுபொழுதிலும் புவியீர்ப்பு தன் பங்கை வாங்காமல் விடுவதில்லை. குண்டு 12 சென்டிமீட்டருக்குமேல் கீழிறங்கிவிடும். குறிநோக்கியை அதற்கேற்பத் திருத்தி வைத்திருப்பார்கள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு தோட்டா மற்றொன்றைவிட நொடிக்கு 5 மீட்டர் மெல்லச் சென்றால், அது 4 மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே விழும். வீரர் எப்பிழையும் செய்யாமலே 10.9 என்பது 10.5 ஆகிவிடும். இதனால் இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாபுவா போன்ற நிறுவனங்களின் தோட்டாக்களை வீரர்கள் பெயர் பார்த்து வாங்குவதோடு நின்றுவிடுவதில்லை. துப்பாக்கியைக் கவ்விப் பொருத்திவைத்து, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியின் தோட்டாவையும் சுட்டுப் பார்த்து, தம் குழலுக்கு இசைந்த தொகுதியைத் தேர்கிறார்கள். ஒரே வார்ப்பில் பிறந்த இரு குழல்களுக்குக்கூட ஒரே தொகுதி இசைவதில்லை. இதன் காரணத்தை முழுமையாக விளக்கிச் சொல்லும் கொல்லரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

துப்பாக்கியின் எடை, அதனோடு இணைத்த எல்லாப் பொருள்களும் சேர்ந்து, 8 கிலோகிராமைத் தாண்டலாகாது. முன்பு பெண்களுக்கு 6.5 கிலோ எனத் தனி வரம்பு இருந்தது. இன்று இருபாலார்க்கும் ஒன்றே. எடை கூடினால் நடுக்கம் குறையும், தோள் சோரும். ஒவ்வொருவரும் தம் உடலுக்கேற்ற நடுநிலையைத் தேடிக்கொள்ள வேண்டும். விசையை இழுக்க வேண்டிய பளுவுக்குக் கீழ்வரம்பு இல்லை. விரல் பட்டதும் பறக்கும் அளவுக்கு மெல்லிதாக அமைத்துக்கொள்ளலாம். கொடுந்தோற்றம் கொண்ட படைத்துப்பாக்கியைப் படத்தில் பார்த்துப் பழகியவருக்கு இப்போட்டித் துப்பாக்கி விந்தையாகத் தெரியும். கன்னம் பதியும் பலகை, தோளில் கவ்வும் கொக்கி, உள்ளங்கை தாங்கி எனப் பகுதி ஒவ்வொன்றையும் திருகி நகர்த்தி, அணிபவரின் எலும்புக்கட்டுக்கு ஏற்ப இதை அமைப்பார்கள். குழல்வாயில் அதிர்ச்சி தணிக்கும் துளைக்கூடு பொருத்துவது மட்டும் விலக்கப்பட்டது.

குறிநோக்கியில் ஆடி இருக்கலாகாது. தொலைநோக்கிக்கு இடமே இல்லை. பார்வைக் குறையுள்ளவர் மூக்குக்கண்ணாடி அணியலாம். துப்பாக்கியில் ஆடி பொருத்தக் கூடாது. மிஞ்சுவது பின்புறம் ஒரு நுண்துளையும் முன்புறம் ஒரு வளையமும். துளையின் வழியே வளையத்தையும், வளையத்தின் நடுவே 112.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள கரும்பொட்டையும் பார்த்து, மூன்றையும் ஒருமைய வட்டங்களாக்க வேண்டும். கண் ஒரே பொழுதில் அருகிலுள்ள வளையத்தையும் தொலைவிலுள்ள பொட்டையும் கூர்மையாகக் காணாது. ஆயினும் ஊசித்துளை வழியே பார்க்கும்போது ஒளிக்கற்றை ஒடுங்குவதால் இரண்டும் ஓரளவு தெளிகின்றன. துளையை மேலும் சிறிதாக்கினால் ஒளி விளிம்பில் சிதறி மீண்டும் மங்கும். ஒளியியலின் இவ்விரு முரண்களுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் அளவில் துளையின் விட்டம் அமைகிறது. தேர்ந்த வீரர் வளையத்தைக் கூர்மையாக வைத்துப் பொட்டைச் சற்று மங்கவிடுவார். கண் தப்பி இலக்கின்மேல் பாய்ந்தால் வளையம் நகர்ந்ததை உணராமல் போய்விடுவார்.

விதிநூலின் மிகக் கடுமையான இயல் ஆடையைப் பற்றியது. கித்தானும் தோலும் இழைத்துத் தைத்த மேற்சட்டையும் கால்சட்டையும் ஒருகாலத்தில் மரப்பலகைபோல் விறைத்து நின்று, உடலைத் தாமே தாங்கத் தொடங்கின. முதுகெலும்பு செய்ய வேண்டிய வேலையைத் துணி செய்தது. அதைத் தடுக்கவே இன்று ஒற்றை மடிப்பில் துணியின் தடிமன் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. அதன் விறைப்பை அளவிட ஒரு தனிக்கருவி உண்டு. கருவியின் உருளை அழுத்தும்போது துணி குறைந்தது 3 மில்லிமீட்டராவது வளைந்து கொடுக்க வேண்டும். காலணியின் அடி வளைய வேண்டும். அதன் தடிமன் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கையுறை 12 மில்லிமீட்டர். துப்பாக்கியைத் தாங்கும் வார் 40 மில்லிமீட்டர் அகலம். போட்டி முடிந்தபின்னும் வீரர்கள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அழைத்து ஆடையை மீண்டும் அளப்பார்கள். குளிரூட்டிய அறையில் விறைப்பாகும் துணி வெயிலில் தளரும், வெயிலில் தளர்ந்தது குளிரில் விறைக்கும் என்பதால் அளவையின்போது தேறியவர் பின்னர்த் தோற்பதும் உண்டு.

சித்திரை வெயிலில் கீழத்தஞ்சைப் பகுதியில் இச்சட்டையை அணிந்து ஒன்றரை மணி நேரம் நிற்பவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வியர்வை கண்ணுக்குள் இறங்கும். உடல்வெப்பம் ஏற ஏற நாடி விரையும். நிமிடத்துக்கு 100 முறை துடிக்கும் இதயத்தின் இரு துடிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி 0.6 நொடிதான். ஐரோப்பிய வானிலையில் பிறந்த இந்த ஆடைமரபை நம் நிலத்தில் அப்படியே சுமப்பது தேவைதானா என்பது என் ஐயம். ஆடையை முற்றிலும் விலக்கிவிட வேண்டும் என்று வாதிடுவோர் உலகெங்கும் உளர். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளில், நிலைக்கு 20 குண்டுகளாக 60 குண்டுகள் சுடுவதே இன்றைய ஒலிம்பிக் போட்டி. 2022க்கு முன் நிலைக்கு 40 என 120 குண்டுகள் இருந்தன. இப்போது ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். நிலை மாற்றுவதும் குறிநோக்கியைத் திருத்துவதும் அந்நேரத்துக்குள்ளேயே அடங்கும்.

படுத்துச் சுடுவது மூன்றனுள் எளிது. தரையே தாங்கும், வார் கையை இறுக்கும். முன்கை கிடைமட்டத்தோடு 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் உயர்ந்திருக்க வேண்டும் என்னும் விதி இல்லையெனில் வீரர் துப்பாக்கியைத் தரையிலேயே கிடத்திவிடுவார். வார் மேற்கையின் நாளத்தை அழுத்துவதால் ஒவ்வொரு நாடித்துடிப்பும் குழல்வரை ஏறி வருவதை வளையத்துக்குள் காணலாம். விசை விடுபட்டதிலிருந்து குண்டு குழலைக் கடப்பதுவரை நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளே ஆகும். ஆனாலும் அப்போது துடிப்பு வந்து சேர்ந்தால் குண்டு விலகும். இரு துடிப்புகளின் இடையமைதியில் விரல் தானே அசையும்வரை ஆண்டுக்கணக்காகப் பயில்கிறார்கள்.

மண்டியிடும் நிலையில் வலக்கால் நுனி, வலமுழங்கால், இடப்பாதம் ஆகிய மூன்று மட்டுமே தரையைத் தொடும். கணுக்காலுக்கடியில் வைக்கும் உருளைத் திண்டு 25 சென்டிமீட்டர் நீளத்தையும் 18 சென்டிமீட்டர் விட்டத்தையும் தாண்டலாகாது. இடமுழங்கையை முழங்காலின் நுனிக்கு முன்னால் 100 மில்லிமீட்டருக்குமேலோ பின்னால் 150 மில்லிமீட்டருக்குமேலோ வைக்கக் கூடாது. நின்று சுடும்போது வாரும் கிடையாது. இடுப்பெலும்பின்மேல் முழங்கையை ஊன்றி, முதுகைச் சற்றே பின்வளைத்து, 8 கிலோவின் பளுவைத் தசையில் தங்கவிடாமல் எலும்பு வழியே தரைக்குக் கடத்த வேண்டும். தசை களைப்படையும்; எலும்பு களைப்படையாது.

இம்மூன்று நிலைகளின் வேறுபாட்டை 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டவர் ஒருவரின் மதிப்பெண்ணிலேயே கண்டோம். கோல்ஹாப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த சுவப்னில் குசாலே, அப்போது மத்திய ரயில்வேயின் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தார். நெல் ஏற்றும் சரக்கு வண்டிகளால் ரயில்வே கேட் நெடுநேரம் மூடிக் கிடப்பதையே தன் ஊர்ச்செய்தியாகக் கொண்ட நீடாமங்கலத்து மக்களுக்கு அவர் ரயில்வேக்காரர் என்பதே ஓர் உரிமையைத் தரும். தகுதிச் சுற்றில் மண்டியிட்டு 198, படுத்து 197, நின்று 195 எனக் கூட்டி 590 பெற்று ஏழாமவராகத்தான் இறுதிக்குள் நுழைந்தார். இறுதியில் மண்டியிட்டு 15 குண்டுகளில் 153.3 எடுத்து ஆறாமிடம், படுத்து 156.8 சேர்த்து ஐந்தாமிடம். நின்று சுட்ட முதல் பத்தில் 101.5 எடுத்தபோதுதான் மூன்றாமிடம் வந்தது. அதன்பின் ஒவ்வொரு குண்டுக்கும் ஒருவர் வெளியேறும் கட்டம். அதில் 10.5, 9.4, 9.9, 10.0 என நான்கு குண்டுகள். மொத்தம் 451.4, வெண்கலம். இப்போட்டியில் இந்தியர் ஒருவர் ஒலிம்பிக் பதக்கம் பெற்றது அதுவே முதன்முறை. தங்கம் வென்ற சீனத்தின் லியு யூகுன் பெற்றது 463.6. அவருக்குக் கூடுதலாக ஒரு குண்டு உண்டு. சராசரியில் இருவருக்கும் இடையே குண்டுக்கு 0.04 மதிப்பெண்தான் வேறுபாடு. அதை இலக்கில் அளந்தால் மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு.

படுத்து மட்டும் சுடும் தனிப்போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2012 லண்டனில் நம் ஜாய்தீப் கர்மாகர் நான்காமிடம் பெற்றது அதில்தான். கோல்ஹாப்பூரைச் சேர்ந்த தேஜஸ்வினி சாவந்த் 2010இல் மியூனிக்கில் உலகச் சாம்பியனானதும் அதே வகைப் போட்டியில்தான். ஆண், பெண் நிகழ்ச்சிகளைச் சமப்படுத்தக் கலப்பு இணைப் போட்டிகளுக்கு இடம் வேண்டியிருந்தது என்பது கூட்டமைப்பு சொன்ன காரணம். நோக்கம் நல்லதே. ஆனால் காற்றை அறியும் கலை முழுத் தூய்மையோடு வெளிப்பட்ட போட்டி அது ஒன்றுதான். உடல் தரையோடு ஒன்றிக் கிடக்க, எஞ்சிய பகை காற்று மட்டுமே.

50 மீட்டர் தளத்தில் பெரும்பகுதி வானம் பார்க்கத் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. திறந்தவெளித் தளத்தில் இயன்றவரை கதிரவன் வீரரின் முதுகுக்குப் பின்னே இருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. நம் நிலநேர்க்கோட்டில் இதன் பொருள் வீரர் வடக்கு நோக்கிச் சுடுவார் என்பது. நீடாமங்கலத்தில் அப்படியொரு தளம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நான்கு காற்றுக்கும் நான்கு பெயர் வைத்த மொழிக்காரர் வடக்கு நோக்கிப் படுத்தால் வாடை முகத்தில் அடிக்கும், தென்றல் முதுகைத் தடவும். இவ்விரண்டும் குண்டைப் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. மேல்கீழாகச் சிறிதே மாற்றும். கொண்டல் வலப்புறமிருந்து வந்து குண்டை இடப்பக்கம் தள்ளும். கோடை இடப்புறமிருந்து வந்து வலப்பக்கம் தள்ளும்.

எவ்வளவு தள்ளும்? நொடிக்கு 1 மீட்டர் விரைவுடைய பக்கக்காற்று, இலை அசைந்தும் அசையாமலும் இருக்கும் காற்று, 50 மீட்டரில் குண்டை 6 முதல் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். 10.9 ஆகியிருக்க வேண்டியது 10.1 ஆகும். ஆடிமாதப் பிற்பகலில் 5 மீட்டர் விரைவோடு மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குத் திருத்தம் செய்யாமல் சுட்டால் ஏழோ ஆறோதான்.

இதில் ஒரு விந்தை உண்டு. குண்டு வானில் இருக்கும் நேரம் குறைந்தால் காற்றின் தள்ளலும் குறையும் என்றுதான் எவரும் நினைப்பர். அது பிழை. களத்துமேட்டில் நெல் தூற்றும்போது நெல்மணியும் பதரும் ஒரே உயரத்திலிருந்து ஒரே காற்றில் விழுகின்றன. காற்றுக்கு இழுபடும் தன்மை மிகுந்த பதர் அப்பால் போகிறது. குண்டுக்கும் விதி அதுவே. காற்றே இல்லாத வெற்றிடத்தில் எவ்வளவு நேரத்தில் இலக்கை அடைந்திருக்குமோ, அதைவிடக் காற்றின் தடையால் எவ்வளவு பிந்தியதோ, அந்தப் பிந்திய நேரத்தைப் பக்கக்காற்றின் விரைவால் பெருக்கினால் வருவதே தள்ளல். நம் போட்டிக் குண்டு பிந்துவது நொடியின் ஆயிரத்தில் ஆறேழு பங்கு. ஒலியினும் விரைந்து புறப்படும் குண்டைக் காற்றுத்தடை மிகக் கடுமையாக இழுப்பதால் அது கூடுதலாகப் பிந்துகிறது. ஆகவே விரைந்த குண்டே காற்றில் அதிகம் விலகும். ஒலிக்குக் கீழான விரைவைத் தேர்ந்ததற்கு இது இரண்டாவது காரணம்.

சுழற்சியும் தன் கைவரிசையைக் காட்டும். வலஞ்சுழியாகச் சுழலும் குண்டை வலப்பக்கக் காற்று இடப்புறம் தள்ளுவதோடு சற்றே மேலேயும் தூக்கும். இடப்பக்கக் காற்று வலப்புறம் தள்ளிக் கீழே அழுத்தும். கொண்டலில் சுட்டவை கடிகார முகத்தில் பத்தை நோக்கியும் கோடையில் சுட்டவை நான்கை நோக்கியும் சாய்ந்து விழும். காற்று மாறி மாறி வீசும் நாளில் சுட்ட தாளை எடுத்துப் பார்த்தால் துளைகள் கிடைமட்டமாக அன்றி ஒரு சாய்கோட்டில் கிடப்பதைக் காணலாம். அச்சாய்வே அன்றைய காற்றின் பதிவேடு.

வீரருக்கு உதவத் தளத்தில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் 50 மில்லிமீட்டர் அகலமும் 400 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பருத்திக் கொடிகள் கட்டப்படும். சொந்தக் காற்றுமானியைக் கொண்டுவரக் கூடாது. துப்பாக்கியோடு இணையாத தொலைநோக்கியைப் பக்கத்தில் நிறுத்தி, கானலின் ஓட்டத்தைப் பார்த்துக் காற்றை உய்த்துணரலாம். வெயிலேறிய தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று ஒளியை வளைத்து நெளியச் செய்வதே கானல். அது சாயும் பக்கம் காற்று போகும் பக்கம். கொடியின் துணி அசையுமுன்பே கானல் சாயத் தொடங்குமாதலால் பழகியவர் கொடியைவிட அதையே நம்புவர். காற்று ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து சுடுவது ஒரு முறை. குறிநோக்கியைத் திருகித் திருத்துவது மற்றொன்று. வேண்டுமென்றே நடுவிலிருந்து விலகிக் குறிவைப்பது மூன்றாவது. மூன்றாவதற்குத் துணிவு மிக வேண்டும்.

சுடுதளத்தின் ஒழுங்கு இவை எல்லாவற்றினும் இறுக்கமானது. சுடுகோட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லும் துப்பாக்கியின் தோட்டா அறையில் ஒளிநிற நாடா ஒன்று செருகியிருக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் அது வெறுமை என்று தெரியவேண்டும். ‘தொடங்கு’ எனுமுன் குண்டிடலாகாது; ‘நிறுத்து’ என்றதும் விரல் விலக வேண்டும். தவறுக்கு மஞ்சள் அட்டை, மதிப்பெண் குறைப்புக்குப் பச்சை, நீக்கத்துக்குச் சிவப்பு.

நீடாமங்கலம் போன்ற ஊரில் 50 மீட்டர் தளம் அமைப்பது எளிதா? நிலம் தட்டையானது என்பதே முதல் தடை. மலையடிவாரத்து ஊர்களில் குன்றே குண்டைத் தாங்கும் சுவராகும். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைச் சுற்றி எத்திசையில் நோக்கினும் வயலும் வாய்க்காலும்தான். சிறுகுண்டு என்று எண்ணலாகாது. மேல்நோக்கிச் சுட்டால் அது ஒன்றரைக் கிலோமீட்டர்வரை செல்ல வல்லது. நடவாட்கள் நிற்கும் வயலுக்கு அப்பால் இலக்கு வைக்க இயலாது. உயர்ந்த தடுப்புச்சுவரும், மேலே இடைத்தடுப்புப் பலகைகளும் கட்டியாக வேண்டும்.

இரண்டாவது தடை ஈயம். 60 குண்டுகள் சுடும் ஒரு வீரர் போட்டிக்கு 156 கிராம் ஈயத்தை மண்ணில் விடுகிறார். இருபது பேர் சுட்டால் நாளொன்றுக்கு 3 கிலோவுக்கு மேல். ஆண்டில் பல மாதம் நீர் தேங்கும் களிமண் நிலத்தில், பாசன வாய்க்காலுக்கு அருகில் அது சேர்வதை எந்த உழவரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. குண்டு மண்ணில் புதையாமல் இரும்புப் பொறியில் விழுந்து திரும்பச் சேகரிக்கப்படும் அமைப்பே இங்குப் பொருந்தும்.

சட்டமும் உண்டு. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி ‘பாயின்ட் டூ டூ’வை உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். உரிமம் பெற 21 வயது நிறைய வேண்டும். பயிற்சியில் மேற்பார்வையின்கீழ் சுட இளையோருக்குத் தனி வழிவகை உண்டு. நீடாமங்கலத்தார் இப்போது நாட வேண்டியது தஞ்சை வழியே ரயிலில் சென்றடையும் திருச்சி. அங்குள்ள ரைபிள் கிளப்பில்தான் 2022 ஜூலையில் மாநிலப் போட்டி நடந்தது. நடிகர் அஜித் குமார் கலந்துகொண்டதால் கூடிய கூட்டம் நாளிதழ்களை நிறைத்தது. மதிப்பெண் பட்டியலை வெளியிட்ட நாளிதழ் எதையும் நான் பார்க்கவில்லை.

ஆயினும் உள்ளூரிலேயே தொடங்கத் தக்கது ஒன்று உண்டு. அது 10 மீட்டர் காற்றழுத்த ரைபிள். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத்துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் ஏறத்தாழ 8 ஜூல்; சிறுகுழல் தோட்டாவுக்கோ 140 ஜூல். உயர்ந்த மதில் வேண்டாம். சிறு இரும்புப்பெட்டியே குண்டை வாங்கிக்கொள்ளும். நான்கு சுவருக்குள் கோடையும் கொண்டலும் நுழைவதில்லை. துப்பாக்கி 5.5 கிலோவுக்குள், நின்று மட்டுமே சுட வேண்டும், இலக்கின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம், பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. திருமண மண்டபத்தின் உணவுக்கூடம் ஒன்று, முகூர்த்தம் இல்லாத மாதங்களில், இதற்குப் போதும். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றது இப்போட்டியில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டதும், 2025இல் கசகஸ்தானில் ஆசியச் சாம்பியனானதும் இதிலேதான்.